இன்னொரு மச்சான் போட்ட செங்குத்துக் கோடு

முட்டாளா, பொறாமைக்காரனா, ரெண்டில் எது என்று ஒரு நாள் சாயங்காலம் ஊரே சுற்றி நின்று என்னைக் கேட்டது. "முட்டாள்தானுங்க" என்று நானே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டேன். பொறாமைக்காரன் என்று சொல்லியிருந்தால் உதை விழுந்திருக்கும். முட்டாள் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இத்தனை வருஷம் கழித்து, என் முடியும் கொட்டி, உதைக்க வேண்டியவர்களுக்கும் மூட்டு வலி வந்துவிட்ட பிறகு, தைரியமாகச் சொல்கிறேன். ரெண்டும்தான்.

பொறாமைக்குப் பெயர் தங்கராசு. என் சித்தப்பா மகன். என்னைவிட நாற்பது நாள் சின்னவன். அந்த நாற்பது நாளைத் தவிர வேறு எதிலும் நான் அவனை முந்தியதில்லை. அவன் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் காலேஜில் பி.எஸ்சி. கணக்கு படித்துக்கொண்டிருந்தான். நான் அதே காலேஜில் பிரீடிகிரி (பத்தாவதுக்கும் டிகிரிக்கும் நடுவில் ரெண்டு வருஷம்) கணக்குப் பேப்பரை இரண்டாம் தடவையாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே பஸ்ஸில் போவோம். அவனுக்குக் கண்டக்டர் சீட்டுப் பிடித்து வைப்பார். எனக்குப் படிக்கட்டில் இடம் இருக்கும்.

போதாததற்கு அவன் வாலிபால் வேறு ஆடுவான். எழுபதுகளில் எங்கள் பக்கம் வாலிபால் ஆடத் தெரிந்தவனுக்கு இருந்த மரியாதை தாசில்தாருக்குக் கிடையாது. இடது பக்கம் வலையோரம் எழும்பி, எதிரியின் இடது கோடி மூலைக்குக் குறுக்கே ஒரு ஸ்மாஷ் அடிப்பான். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கேதான் விழும் என்பார்கள். (நானும் அதே டீம்தான். பந்து கால்வாயில் விழுந்தால் எடுத்து வருவது என் பொறுப்பு.)

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது அத்தை மகள் மல்லிகா. எங்கள் இருவருக்குமே முறைப்பெண். பிரீடிகிரி முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். அவளும் நானும் பத்தாவது வரைக்கும் தமிழில் கணக்குப் படித்தவர்கள். காலேஜில் வாத்தியார் பாதி இங்கிலீஷிலும் பாதி மலையாளத்திலும் நடத்துவார். நாங்கள் 'செங்குத்து' என்று படித்ததை அவர் 'லம்பம்' என்பார். மல்லிகா முழித்தாள். நியாயமாக அவளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியவன், அதே பேப்பரை ரெண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிற அனுபவசாலியான நான்தான். அத்தை தங்கராசுவைக் கூப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னதான் நடக்கிறது என்று பார்க்க, அத்தை வீட்டுக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் அவன். நடுவில் கிராப் பேப்பர், ஒரு தட்டு முறுக்கு.

"அம்மா, இன்னொரு மச்சானும் வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள் மல்லிகா.

இன்னொரு மச்சான். எனக்குப் பேர் இருக்கிறது. ரேஷன் கார்டில்கூட இருக்கிறது.

தங்கராசு என்னைக் கவனிக்காமல் பாடத்தைத் தொடர்ந்தான். "5x + 2y = 7. இது ஒரு கோடு. இதுக்குச் செங்குத்தா இன்னொரு கோடு வேணும். என்ன பண்ணோணும்?"

"அஞ்சையும் ரெண்டையும் எடம் மாத்தோணுமுங்க."

"அப்பறம்?"

"ஒண்ணோட குறியத் திருப்போணும்."

"அவ்வளவுதான். 2x − 5y வந்துருச்சு. அதுக்குச் சமமா என்ன நம்பருன்னு, கோடு எந்தப் புள்ளி வழியாப் போவுதோ அதப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுரும். ரெண்டு சாய்வையும் பெருக்கிப் பாரு. மைனஸ் ஒண்ணு வரும்."

அவள் பெருக்கினாள். மைனஸ் ஒன்று வந்தது. ஏதோ அவன் பாக்கெட்டிலிருந்து புறாவை எடுத்துக் காட்டிய மாதிரி அவள் முகம் மலர்ந்தது. இந்த விதியை நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். என் முகத்தைப் பார்த்து யாரும் மலர்ந்ததில்லை. அத்தை வந்து அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு, "நீ என்ன சாமி, சும்மாவா வந்தே?" என்று என்னைக் கேட்டாள்.

சும்மா வந்தவன் சும்மா திரும்பினேன். வழி முழுக்க ஒரே சபதம். இனி என் வாழ்நாளில் இடம் மாற்றிப் போடுவதும், குறியைத் திருப்புவதும் கிடையாது. அது அவன் விதி.

அந்த மாசி மாதம் எங்கள் வாயனசாலையில் (படிப்பகத்துக்கு எங்கள் பக்கம் மலையாளப் பேர்தான்) முதல் முறையாக ஒரு வாலிபால் போட்டி நடத்துவது என்று முடிவானது. நான்கு டீம். சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு டீம் மூணாறு, உடுமலைப்பேட்டை வழியாக இறங்கி வருவதாகக் கடிதம் போட்டிருந்தது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊருக்கும் கிடைக்காத பெருமை. எங்கள் பழைய மைதானம் சின்னது என்பதால், அறுப்பு முடிந்த சித்தப்பாவின் வயலில் புதுக் கோர்ட் போட வேண்டும். வாயனசாலைத் தலைவரும் சித்தப்பாதான்.

"கோர்ட்டு நான் போட்டுர்றனுங்க" என்றான் தங்கராசு. "கயித்துல மூணு, நாலு, அஞ்சுன்னு அளந்து முடிச்சுப் போட்டாப் போதும். மூலை கணக்கா வந்துரும்."

கூட்டத்தில் மல்லிகாவும் இருந்தாள். நோட்டீஸ் எழுத அவள் கையெழுத்துத்தான். என் வாய் தானாகத் திறந்தது.

"கயிறெல்லாம் கொத்தனாரு வேலைங்க, சித்தப்பா. எஸ்டேட்டுக்காரங்க வர்றாங்க, சிரிப்பாங்க. நான் அல்ஜீப்ராவுல போட்டுத் தர்றனுங்க."

வாயனசாலை ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்காக நான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன்.

"அதுல போட்டா நல்லா வருமா?" என்றார் சித்தப்பா.

"ஒரு நூல் தப்பாதுங்க."

தங்கராசு ஏதோ சொல்ல வந்தான். பிறகு, "அண்ணன் போடட்டுமுங்க" என்று விட்டுக்கொடுத்தான். விட்டுக்கொடுப்பதிலும் அவன்தான் முதல்.

வயலைப் போய்ப் பார்த்தேன். தெற்கே ஒரு வரப்பு, மேற்கே ஒரு வரப்பு. ரெண்டும் மூலையில் கச்சிதமாகச் சந்தித்தன. கடவுளே எனக்காக எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் போட்டு வைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு சிக்கல். வடக்கே கால்வாய்க் கரை. ஜனங்கள் அதன் மேல்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள். கரையோ வரப்புக்கு இணையாக இல்லாமல் சற்றுச் சாய்வாகப் போகிறது. பத்தடி கிழக்கே போனால் ஓரடி வடக்கே ஏறும். பார்க்கிறவர்களுக்கு வசதியாக, கோர்ட்டின் அறுபதடி நீளப் பக்கம் கரைக்கு இணையாக இருக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

ராத்திரியெல்லாம் கண் விழிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். நீளக் கோடு x − 10y = 0. சரிதான். இதற்குச் செங்குத்தாக அகலக் கோடு வேண்டும். தங்கராசு விதிப்படி இடம் மாற்றி, குறி திருப்பி, 10x + y = 0 என்று போட வேண்டும். எனக்கு எதற்கு அவன் விதி? செங்குத்து என்றால் என்ன என்பது தமிழ் தெரிந்தவனுக்குத் தெரியாதா? செங்குத்தான மலை. செங்குத்தான பாறை. நேரே மேலே போவது. பேப்பரில் நேரே மேலே போகிற கோடு x = 0. எதிர்ப்பக்கம் x = 60. ஆச்சு. மாற்றலும் இல்லை, திருப்பலும் இல்லை. இவ்வளவு சுலபமானதை அவன் எதற்கு இப்படிச் சுற்றி வளைக்கிறான் என்று அவன் மேல் பரிதாபமே வந்தது.

மறுநாள் பேப்பரை மல்லிகாவிடம் காட்டினேன். காட்டத்தானே போட்டதே.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தக் கோடு சாஞ்சிருக்குது. இது நட்டுக்குத்தலா நிக்குது. அப்பறம் எப்படீங்க செங்குத்தாகும்?"

"நட்டுக்குத்தலா நிக்கறதுதான் செங்குத்து. பேர்லயே குத்து இருக்குது பாரு."

"எதுக்குச் செங்குத்துன்னு ஒண்ணு வேணுமுங்களே. தனியா ஒண்ணு எப்படி..."

"அதெல்லாம் டிகிரிக்குப் போனாத்தான் புரியும்." (நான் இன்னும் போகவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.)

"சரீங்க. எதுக்கும் தங்கராசு மச்சான்கிட்ட ஒருக்காக் காட்டீருங்க."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன். பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போட்டிக்கு முந்தைய நாள், வரப்பிலிருந்து அடி அளந்து, முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்புப் பொடி போட்டேன். தங்கராசுவைப் பக்கத்தில் விடவில்லை. வலை கட்டும் கம்பங்களையும் நானே நட்டேன். பார்த்தவர்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்கள். "என்னமோ மாதிரி இருக்குதே" என்றார் ஒருவர். "கால்வா சாஞ்சு போவுதில்லீங்க, அதுக்கு ஏத்தாப்பல" என்றேன். அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

காலையில் பாலக்காட்டிலிருந்து நடுவர் வந்தார். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், மலையாளி. நாடா பிடித்து நான்கு பக்கமும் அளந்தார். அறுபது, முப்பது, அறுபது, முப்பது. "கரெக்டு" என்றார். நான் மல்லிகா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தேன். அவள் தங்கராசுவின் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

எஸ்டேட் டீமின் கேப்டன் செல்லையா என்பவர். முப்பது வயதிருக்கும். வந்ததும் ஆடுகிறவர்கள் எல்லாம் டீக்குப் போக, அவர் மட்டும் கோர்ட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு மூலையில் நின்று எதிர் மூலையை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"கோடு யாரு போட்டா?"

"நாந்தானுங்க. அல்ஜீப்ராவுல போட்டது."

"அப்படியா? நல்லாருக்கு" என்று சிரித்தார். வெளியூர்க்காரர் ஒருவராவது திறமையை மதிக்கிறாரே என்று உச்சி குளிர்ந்தது.

முதல் ஆட்டத்தில் எங்கள் டீம் சுலபமாக ஜெயித்தது. ஆனால் தங்கராசுவின் அந்தக் குறுக்கு ஸ்மாஷ் மூன்று தடவை வெளியே போனது. "இன்னிக்கு ஏனோ கை வாகு சரியில்ல" என்று விரல்களை உதறிக்கொண்டான். வேறு பக்கமாக அடித்துச் சமாளித்தான். எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. மறுநொடி வெட்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை.

சாயங்காலம் இறுதி ஆட்டம். எங்களுக்கும் சூரியநெல்லிக்கும். கால்வாய்க் கரையில் இடமில்லாமல் தென்னை மரத்தில்கூட ஆள் ஏறியிருந்தது. கோர்ட் போட்டவன் என்ற உரிமையில், கோட்டு நடுவராகக் கொடி பிடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குக் கொடுத்த மூலை எது தெரியுமா? தங்கராசு குறி வைக்கிற அதே மூலைதான்.

ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து மூன்றாவது ஆட்டம். பதினாலு, பதிமூன்று. எஸ்டேட் ஒரு புள்ளி முன்னால். சர்வீஸும் அவர்களுடையது. பந்து நாலைந்து தடவை அங்கும் இங்கும் போனது. பிறகு தங்கராசுவுக்கு இடது பக்கம் வலையோரம் அழகாகத் தூக்கிக் கொடுத்தார்கள். அவன் எழும்பினான். பதற்றமான நேரத்தில் கை பழகின இடத்துக்குத்தானே போகும். குறுக்கே அடித்தான். எஸ்டேட்காரன் ஒருவன்கூட அந்தப் பந்துக்கு அசையவில்லை. பந்து என் காலடியில் வந்து விழுந்தது. கோட்டுக்கு ஒரு சாண் வெளியே.

கொடியை உயர்த்தினேன். இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாத குற்றம் அதுதான். கொஞ்சம் வேகமாக உயர்த்திவிட்டேன். கொஞ்சம் அதிக உயரமாகவும்.

விசில் ஊதினார்கள். சூரியநெல்லி ஜெயித்தது. தங்கராசு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மல்லிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கப்பை எடுத்துக் கொடுக்கச் சித்தப்பா போனார். செல்லையா கையை நீட்டவில்லை.

"கப்ப வாங்குததுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருதேன், அண்ணாச்சி. மனசு கேக்க மாட்டேங்கு. ஒரு கயிறு இருந்தாக் குடுங்க."

கயிறு வந்தது. ஒரு மூலையில் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, எதிர் மூலை வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டார். அப்படியே மற்ற ரெண்டு மூலைக்கும் இழுத்தார். முடிச்சு மூலையைத் தாண்டி ஐந்தடி போய் நின்றது.

"எஸ்டேட்டுல தேயில நடுததுக்குக் குச்சியடிச்சு லைன் போடுத ஆளு நான். நாலு பக்கமும் அளவு சரியாத்தான் இருக்கும். மூலைக்கு மூல இழுத்துப் பாத்தாத்தான் கோணல் தெரியும். இந்தக் கோர்ட்டுல ரெண்டு மூல நீண்டிருக்கு, ரெண்டு மூல உள்ள வந்திருக்கு. தம்பி அடிக்குத மூல ஒரு மூணடி உள்ள வந்திருக்கு. சரியான கோர்ட்டுன்னா அந்தப் பந்து உள்ளதான்."

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லுல?" என்றார் சித்தப்பா.

"ரெண்டு டீமுக்கும் ஒரே கோணல்தானே, அண்ணாச்சி. கோட்ட நாங்களா போட்டோம்? எங்க பயலுவகிட்ட அந்த மூலைக்கு அடிக்காதீயன்னு மட்டும் சொன்னேன். வேணும்னா நேராக் கோடு போட்டு மறுபடி ஆடுவோம்."

நடுவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோர்ட்டை மேலும் கீழும் பார்த்தார். "இது கோர்ட்டல்ல, பட்டமாணு. ஒரு நூலு கெட்டி விட்டால் பறக்கும்" என்றார்.

கரையிலிருந்து ஜனம் இறங்கி வந்தது. என்னைச் சுற்றி வட்டம் கட்டியது. (அந்த வட்டம் சரியாக இருந்தது.) யோசித்துப் பாருங்கள். தங்கராசு எந்த மூலைக்கு அடிப்பான் என்று ஊருக்கே தெரியும். அந்த மூலைதான் உள்ளே வந்திருக்கிறது. கோடு போட்டவன் நான். அவனைப் பக்கத்தில் வரவிடாதவனும் நான். அந்த மூலையில் கொடியோடு நின்றவன் நான். அதை உயர்த்தின வேகத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"ஏன்டா, வேணும்னே பண்ணுனியா, தெரியாமப் பண்ணுனியா?" என்றார் சித்தப்பா. குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்தினால்கூடப் பயமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கராசு வட்டத்துக்குள் வந்தான். என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கிராப் பேப்பரை உருவி விரித்தான். படித்தான். அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

"அப்பா, இவனை உடுங்க. வேணும்னு பண்ணோணும்னா எது சரின்னு முதல்ல தெரிஞ்சிருக்கோணும். இங்க பாருங்க, எக்ஸ் ஈக்குவல் ஜீரோன்னு எழுதி வெச்சிருக்கறான். செங்குத்துன்னா கம்பம் மாதிரி நிக்கறதுன்னு நெனைச்சுட்டான். சதி பண்ற அளவுக்கெல்லாம் இவனுக்குக் கணக்கு வராதுங்க."

என் உயிரைக் காப்பாற்றியவன் அவன்தான். அதை மறக்கவில்லை. அப்படிக் காப்பாற்றியதற்குப் பதில் ரெண்டு அடி வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

"அப்போ நீ முட்டாளா, பொறாமைக்காரனா? நீயே சொல்லு" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அதற்குத்தான் நான் கையைத் தூக்கினேன். ஊர் சிரித்தது. தென்னை மரத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டே வழுக்கி இறங்கினான்.

மறு ஆட்டம் ஆடலாம் என்று செல்லையா மறுபடி சொன்னார். "தோத்தது தோத்ததுதானுங்கண்ணா" என்று தங்கராசு கப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான். கரை முழுக்கக் கைதட்டல். ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு கைதட்டல் விழுந்திருக்காது. தோற்கடித்தும் என்னால் அவனைத் தோற்கடிக்க முடியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். கப் சூரியநெல்லிக்குப் போனது. எனக்கு 'ஈக்குவல் ஜீரோ' என்று பெயர் வந்தது. கண்டக்டர்கூட "ஈக்குவல் ஜீரோ, உள்ள ஏறு" என்பார். மூன்றாம் தடவை பிரீடிகிரிப் பேப்பரில் செங்குத்துக் கோடு கேள்வி வந்தது. இடம் மாற்றி, குறி திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ் ஆனேன். நாலு வருஷத்தில் தங்கராசுவுக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணம். பந்தல் வேலையைப் பிரித்துக் கொடுத்தபோது சித்தப்பா, "கால் நடற வேலைய மட்டும் இவனுக்குக் குடுங்க. கம்பம் இவன் செங்குத்தாத்தான் நடுவான்" என்றார். நட்டேன். ஒன்றுகூடச் சாயவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் 'செங்குத்துப் பெரியப்பா'. வீட்டில் யாராவது ஒரு படத்தைக் கோணலாக மாட்டினால், பெரியப்பா வந்து மாட்டினாரா என்று கேட்கிற அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது.

இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது ஒன்று உண்டு.

போட்டி முடிந்த அன்று, எல்லோரும் கலைந்த பிறகு, நான் தனியாக மேற்கு வரப்பில் நின்று, அதை ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மோர்ப் பானையை எடுத்துப் போக மல்லிகா வந்தாள். ஏதாவது பேசி மானத்தை மீட்க வேண்டும் என்று எனக்கு ஆவேசம்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா மல்லிகா, தப்பு கோட்டுல இல்ல. அவனும் நானும் அப்படி. அவன் ஒரு கோடுன்னா, நான் அவனுக்குச் செங்குத்து. அதனாலதான் ரெண்டு பேருக்கும் ஒத்து வர்றதில்ல" என்றேன். அந்த நிலைமையிலும் இப்படி ஒன்றைச் சொல்ல முடிந்ததே என்று எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

அவள் காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றையடி வரப்பில் என் முன்னால் வந்து நின்றாள்.

"செங்குத்தெல்லாம் இல்லீங்க மச்சான். நீங்க சும்மா குறுக்க நிக்கறீங்க. கொஞ்சம் நகருங்க."